உள்துறை வரை உயர்ந்த கக்கன் அவர்கள்

மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் 1908 சூன் 18ஆம் நாள் பிறந்தவர் திரு. கக்கன் அவர்கள். 1939 சூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்துள் நுழைந்தோருள் அவரும் ஒருவர்.

அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராய் அமர்ந்த அவர், 1952இல் மதுரையிலிருந்து நாடாளுமன்றத்திற்கும், 1957இல் மேலூரிலிருந்தும் 1962இல் சமயநல்லூரிலிருந்தும் சட்டமன்றத்திற்கும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். காமராசர் அமைச்சரவையில் அவர் பொதுப்பணித் துறையை நடத்திய காலத்தேதான், 1959இல், வைகை அணை திறக்கப்பெற்றது. 1963இல் பக்தவத்சலம் அமைச்சரவையில் உள்துறை அவரிடம் வந்தது. ஆலய வாயிலில் தடுக்கப்பட்ட மக்களுள் ஒருவர், கால் நூற்றாண்டுக்குள் மாநிலக் காவல்துறைக்கே பொறுப்பேற்றார்! 1965 இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூடுகளின் பழியும் அப்பதவியோடு அவரைச் சேர்ந்தது. 1967இல் மேலூர் தெற்கில் தி.மு.க.வின் ஓ. பி. இராமனிடம் தோற்றார். பொருள் சேர்க்காமலே பதவியை விட்டிறங்கிய அவர் 1981 திசம்பர் 23ஆம் நாள் மறைந்தார்.

அவருடைய எளிமையை மட்டும் புகழ்ந்து அமைவோர் பலர். ஏழையாய் வாழ்தல் நம்மவர்க்குப் புதிதன்று, ஆளுதலே புதிது. ஆதலின் நம் மாணவர்க்கு அவர் வறுமையைச் சொல்லுமுன், அவர் வகித்த பொறுப்புகளைச் சொல்வோமாக.