நிறம் பெயராகும்போது

நிறத்திற்குப் பெயர் சூட்டுவதில் தமிழர் என்றும் வறியவராக இருந்ததில்லை. குரு, கெழு ஆகிய உரிச்சொற்கள் நிறத்தைக் குறிக்கும் என்கிறது தொல்காப்பிய உரியியல். பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள தியாகராய நகர்ப் பட்டுக்கடைகளில் இன்றும் மயில்கழுத்து, கிளிப்பச்சை, வாடாமல்லி, மாம்பழ மஞ்சள், அரக்கு என்று கேட்டே சேலை எடுக்கிறோம். கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே சேலையை விரித்துப் பார்க்கும்வரை இப்பெயர்களால் இடர் இல்லை. ஆனால் பங்கனப்பள்ளியின் மஞ்சள் வேறு, மல்கோவாவின் மஞ்சள் வேறு. கேட்பவர் ஓரூரிலும் அச்சிடுபவர் வேறோர் ஊரிலும் இருக்கும்போது பெயர் போதாது, அளவு வேண்டும். வணிகப் பொருள்களின் உறைகளை அச்சிடும் தொழில் இவ்வுண்மையைக் கற்றுக்கொண்ட வரலாற்றையே இங்கு நாம் காண விழைகிறோம்.

மயிலாப்பூரிலிருந்து தொடங்கலாம். லஸ் பகுதியிலுள்ள நாகேஸ்வரராவ் பூங்கா, காசிநாதுனி நாகேஸ்வரராவ் பந்துலுவின் பெயரைத் தாங்கி நிற்பது. 'ஆந்திர பத்திரிகா' இதழை நடத்திய இவர் 1893இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன் நிறுவனம் 1914இல் சென்னைக்கு வந்தது. லஸ் சர்ச் சாலையோடு அதன் பெயர் இணைந்துபோயிற்று. அத்தலைவலித் தைலத்திற்கு மஞ்சளே அடையாளம். 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுத்தறிந்தோர் 18.33 சதவீதம் மட்டுமே. அத்தகைய நாட்டில் லேபிளைப் படித்து வாங்கியவர் சிலராகவும், நிறத்தையும் படத்தையும் பார்த்து வாங்கியவர் பலராகவும் இருந்திருப்பர் என்பதை ஊகிப்பது அரிதன்று. எழுத்தறியாதவருக்கு நிறமே எழுத்து. அந்நிறம் ஒருமுறை வெளிறியும் மறுமுறை அடர்ந்தும் வந்தால், போலிச் சரக்கோ பழைய சரக்கோ என்று அவர் ஐயுறுவது இயல்பு.

நிறத்தை மாறாமல் காப்பது அச்சகத்தாருக்கு எளிதாக இருக்கவில்லை. ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவிய காலத்துக் கல்லச்சு முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் தேவைப்பட்டது. மை குழைத்தவரின் கண்ணே அளவுகோல். அவர் வேலையை விட்டு நீங்கினால் நிறமும் அவரோடு நீங்கிவிடும். பின்வந்த ஆப்செட் பல வண்ண அச்சில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் நுண்புள்ளிகளைக் கொண்டே பிற நிறங்களைத் தோற்றுவிக்கிறார்கள். புகைப்படத்துக்கு இது பொருந்தும். ஒரு பொருளின் அடையாள நிறத்துக்குப் போதாது. ஒரு மை சற்றுக் கூடினாலும் சாயல் மாறிவிடும். பளிச்சென்ற ஆரஞ்சு போன்ற நிறங்கள் இக்கலவையில் மங்கியே தோன்றும். ஆகவே வேண்டிய நிறத்தை முன்னரே ஒரே மையாகக் குழைத்துத் தனித்தகட்டில் அச்சிடுகிறார்கள். இதனை ஸ்பாட் கலர் என்பர். பழைய தனிக்கல்லின் வழித்தோன்றல் என்றே இதனைக் கொள்ளலாம்.

அம்மையை எங்கும் ஒன்றுபோலக் குழைப்பதற்கு வழிசெய்தது, அமெரிக்காவில் பான்டோன் நிறுவனத்தின் லாரன்ஸ் ஹெர்பர்ட் 1963இல் கொண்டுவந்த நிற வழிகாட்டியாகும். அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் உண்டு. எந்த அடிப்படை மைகளை எவ்வளவு சேர்க்க வேண்டும் என்ற வாய்பாடும் உண்டு. கண்மதிப்பு செய்துவந்த வேலையைத் தராசு ஏற்றது. ஒரே மை பூச்சுத்தாளில் ஒருவிதமாகவும் பூச்சற்ற தாளில் வேறுவிதமாகவும் தோன்றுமாதலின், எண்ணுக்குப் பின் சி, யூ என்ற குறிகளையும் சேர்த்தார்கள்.

நிறத்தை எண்ணால் வரையறுக்கும் எண்ணம் நம் நாட்டுக்கும் புதிதன்று. இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1951இல் வெளியிட்ட முதல் தரநிலையான ஐ.எஸ். 1, தேசியக் கொடியைப் பற்றியதாகும். 1964, 1968 ஆண்டுகளில் திருத்தப்பெற்ற அத்தரநிலையில், கொடியின் நிறங்கள் பன்னாட்டு ஒளியியல் ஆணையம் 1931இல் வகுத்த அளவைமுறைப்படி எண்களாகவே தரப்பட்டுள்ளன. அவ்வெண்கள் பொதுவுடைமை. பான்டோன் எண்களோ ஒரு நிறுவனத்தின் உடைமை. 2022இல் அடோபி மென்பொருள்களிலிருந்து பான்டோன் நிறத்தொகுதிகள் நீக்கப்பட்டுத் தனிக்கட்டணம் கேட்கப்பட்டபோது, பழைய கோப்புகளைத் திறந்தவர்கள் நிறம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பைக் கண்டார்கள். நிறத்தின் பெயர் தனியார் கையில் இருப்பதன் பொருளைப் பலர் அன்றுதான் உணர்ந்தனர்.

இவையெல்லாம் வணிகருக்குரிய கவலை என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. அடையாற்றிலும் மந்தைவெளியிலும் விடியற்காலைப் பால் பூத்துகளில் ஒலிக்கும் சொற்களைக் கேளுங்கள். ஆவின் பாலில் 3 சதவீதக் கொழுப்புடைய சமன்படுத்திய பால் நீலம் என்றும், 4.5 சதவீதமுடைய நிலைப்படுத்திய பால் பச்சை என்றும், 6 சதவீதமுடைய நிறைகொழுப்புப் பால் ஆரஞ்சு என்றும் மக்கள் நாவில் வழங்கலாயின. 'நிலைப்படுத்திய பால் ஒன்று கொடுங்கள்' என்று கேட்டவரை நாம் கண்டதில்லை. 2022 நவம்பரில் நிறைகொழுப்புப் பாலின் சில்லறை விலை லிட்டருக்கு 48 ரூபாயிலிருந்து 60 ரூபாயாக உயர்ந்தபோதும் 'ஆரஞ்சு பால் விலை' என்றே ஊர் பேசியது. இங்கு நிறம் அலங்காரமன்று. தரத்துக்கும் விலைக்கும் அதுவே பெயர். வீட்டுவேலைக்குச் செல்லும் ஒரு பெண்மணி, படிக்காதவராயினும், இரு வீடுகளுக்கு இருவகைப் பாலைப் பிழையின்றி வாங்கிச் செல்வது அந்த மையின் ஒழுங்கை நம்பித்தான்.

எனினும் நிறத்தை முற்றிலும் நம்பவும் இயலாது. உணவுப் பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சை வட்டமும் அசைவத்துக்குப் பழுப்பு வட்டமும் இருந்தன. நிறக்குருடு உடையவர்களுக்கு இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றுமாதலின், 2020ஆம் ஆண்டின் விதிகள் அசைவக் குறியை முக்கோணமாக்கின. நிறத்தை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், அதைக் காண இயலாதவருக்கு வடிவமே துணை. எழுத்தைப் படிக்க இயலாதவருக்கு நிறம் செய்துவந்த உதவியை, நிறத்தைப் பிரித்தறிய இயலாதவருக்கு அம்முக்கோணம் செய்கிறது.