எல்லையும் கதையும்: அமெரிக்கப் பிராந்திய மல்யுத்தக் காட்சிகளைப் பற்றி ஓர் ஆய்வு

அமெரிக்க ஐக்கிய நாட்டில், இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலம் தொடங்கி 1980-களின் நடுப்பகுதி வரையில், தொழில்முறை மல்யுத்தம் ஒரே ஸ்தாபனத்தின் வியாபாரமாக இராமல், நாடெங்கும் பற்பல பிராந்தியங்களாகப் பங்கிடப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு புரமோட்டரின் ஆதிக்கத்தில், வாரந்தோறும் அதே ஊர்களில், அதே மண்டபங்களில், பெரும்பாலும் அதே ஜனங்களின் முன்னிலையில் நடந்து வந்தது. அந்தக் காட்சிகள் அருகிப்போனதற்கு இரண்டு காரணங்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. வெற்றி தோல்விகள் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவை என்ற ரகசியம் அம்பலமானதால் ஜனங்களின் நம்பிக்கை குலைந்தது என்பது ஒன்று; டெலிவிஷன் வந்து மண்டபங்களைக் காலியாக்கிற்று என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பொருந்தா என்பதும், பிராந்தியங்களுக்கிடையே இருந்த எல்லைதான் அக்கலைக்கு உயிராக இருந்து, அது தகர்ந்தபோது கலையும் தகர்ந்தது என்பதும், அவ்வெல்லையே மல்லர்களை வருத்திய அநீதிக்கும் கருவியாக இருந்தமையால் அதன் மறைவைக் குறித்து நாம் ஒரு மனத்தோடு வருந்த இயலாது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள்.

எல்லைகள் வகுக்கப்பட்ட விதம்

1948-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அயோவா மாநிலத்து வாட்டர்லூ நகரில், மத்திய மேற்குப் பகுதியைச் சேர்ந்த சில புரமோட்டர்கள் ஒன்றுகூடி, தேசிய மல்யுத்தக் கூட்டணி என்று பெயரிட்டு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஒருவர் பிராந்தியத்தில் மற்றவர் காட்சி நடத்தலாகாது. உலக சாம்பியன் ஒருவரையே எல்லோரும் ஒப்புக்கொண்டு, அவரை முறைவைத்துத் தத்தம் ஊர்களுக்கு வரவழைத்துக்கொள்ள வேண்டும். ஒருவரோடு முறைத்துக்கொண்ட மல்லருக்கு மற்றவரும் வேலை கொடுக்கலாகாது: ஒப்பந்தத்தின் சாரம் இதுவே. 1949-இன் இறுதியில் லூ தெஸ் அந்தச் சாம்பியனாக அங்கீகரிக்கப்பட்டார். மெய்யாகவே மல்வித்தை கற்ற ஒருவரை அந்தப் பட்டத்துக்குத் தேர்ந்ததில் ஒரு தந்திரமும் இருந்தது. ஊர் ஊராகச் செல்லும் சாம்பியனை எவரேனும் பேச்சை மீறிக் கோதாவில் வீழ்த்தப் பார்த்தால், அவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டுமல்லவா?

இக்கூட்டணி வியாபாரப் போட்டியை நசுக்கும் சட்டவிரோதமான ஏற்பாடு என்று மத்திய நீதித் துறை வழக்குத் தொடுக்க, 1956-இல் புரமோட்டர்கள் இணக்கத் தீர்ப்பு ஒன்றுக்கு உடன்பட்டு, எல்லைப் பங்கீட்டையும் மல்லர்களை விலக்கி வைக்கும் வழக்கத்தையும் கைவிடுவதாக ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தாளில் கைவிடப்பட்டது பழக்கத்தில் இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. மல்லருக்கு மாதச் சம்பளம் கிடையாது, சங்கம் கிடையாது, காயம்பட்டால் நஷ்டஈடு கிடையாது. அன்றைய டிக்கட் வசூலில் அவர் பங்கு எவ்வளவு என்பது புரமோட்டரின் சித்தத்தைப் பொறுத்தது. பழைய காட்சிகளின் பெருமையைப் பேசப் புகுவோர் இந்த அஸ்திவாரத்தை முதலில் பார்த்துவிட்டுப் பேசுவதே நியாயம்.

மெம்ஃபிஸ் நகரத்துத் திங்கட்கிழமைகள்

பிராந்திய முறை இயங்கிய விதத்தை அறிவதற்கு டென்னஸி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரமே தக்க உதாரணம். நிக் குலாஸ், ராய் வெல்ச் என்ற இருவர் நெடுங்காலம் ஆண்ட பிராந்தியத்திலிருந்து 1977-இல் ஜெர்ரி ஜாரெட் என்பவர் பிரிந்து தனியே நடத்திய அந்நகரத்துக் காட்சிகள், 1964-இல் திறக்கப்பட்ட மிட்-சவுத் கொலிசியம் என்ற மண்டபத்தில் திங்கட்கிழமை இரவுகளில் நடைபெற்றன. ஏறத்தாழ ஆறரை லட்சம் ஜனத்தொகையுள்ள ஒரு நகரில், பதினாயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய மண்டபத்தை, வாரம் தவறாமல் நிரப்ப முயல்வது எத்தகைய காரியம் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு நாடகக் குழு ஓர் ஊரில் சில நாள் ஆடிவிட்டு அதே நாடகத்தை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகலாம். இங்கோ சென்ற வாரம் வந்தவரே இந்த வாரமும் வர வேண்டும், அவருக்குச் சென்ற வாரத்துக் காட்சியையே திரும்பக் காட்டவும் முடியாது.

இதற்கு உதவியது சனிக்கிழமை காலையில் உள்ளூர்ச் சானல் ஒன்றின் ஸ்டூடியோவிலிருந்து நேரடியாக ஒளிபரப்பான ஒன்றரை மணி நேர நிகழ்ச்சி. லான்ஸ் ரஸ்ஸல் என்ற அறிவிப்பாளரும், அதே நிலையத்தில் வானிலை அறிக்கை வாசித்து வந்த டேவ் பிரவுனும் அதை நடத்தினார்கள். ஸ்டூடியோவில் நடந்த போட்டிகள் பெரும்பாலும் பெயருக்கு நடந்தவை. அவற்றின் நடுவிலும் முடிவிலும் எழும் சச்சரவு, துரோகம், சவால் ஆகியவையே முக்கியம். சனிக்கிழமை காலையில் மூட்டப்படும் வெகுளிக்குத் திங்கட்கிழமை இரவில் கொலிசியத்தில் டிக்கட் வாங்கினால்தான் பரிகாரம் கிடைக்கும். பின்னர் அதே கதை செவ்வாயன்று ஏறத்தாழ 380 மைல் தூரத்திலுள்ள லூயிவில் நகரிலும், புதனன்று எவன்ஸ்வில் நகரிலும், அவ்வவ்வூருக்கு ஏற்ற மாறுதல்களோடு நடக்கும். மல்லர்களின் ஆயுளில் பெரும்பகுதி கோதாவில் கழிந்ததைவிடக் கார்களில் கழிந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்நகரிலேயே பிறந்து, மல்லர்களைச் சித்திரமாக வரைந்து அனுப்பியதன் மூலம் இத்தொழிலுக்குள் நுழைந்த ஜெர்ரி லாலர், 1974-இல் தம் குருவின் ஸ்தானத்திலிருந்த ஜாக்கி ஃபார்கோவை எதிர்த்து ‘ராஜா’ என்ற பட்டத்தைப் பெற்றார். முதலில் ஊரே வெறுத்த துஷ்டனாகவும், பிற்பாடு ஊரே தன் பிள்ளையாகப் பாவித்த வீரனாகவும் அவர் ஒருவரே விளங்க முடிந்ததற்கு, ஆண்டுக் கணக்கில் அவரைத் திங்கள்தோறும் கண்டுவந்த ஜனங்களின் ஞாபகமே ஆதாரம். எதிரியைத் தலைகீழாகப் பிடித்து உச்சந்தலை தரையில் மோதும்படி உட்காரும் ‘பைல்டிரைவர்’ என்ற பிடி அப்பிராந்தியத்தில் தடைசெய்யப்பட்டதாக விதி. பிற இடங்களில் சாதாரணமாகக் கருதப்பட்ட அப்பிடி இங்கே கழுத்தை முறிக்கும் பயங்கரமாக மதிக்கப்பட்டது. ஓர் ஊரார் தமக்குள் பேணிவந்த இத்தகைய விதிகளே அக்கலையின் இலக்கணம் எனலாம்.

தோற்றவர் ஊரைவிட்டுப் போதல்

பிரெஞ்சு அறிஞர் ரொலான் பார்த், 1957-இல் வெளியான தம் ‘மித்தாலஜீஸ்’ நூலில் மல்யுத்தத்தைப் பற்றி எழுதிய கட்டுரை, இத்துறையில் பலருக்கும் வழிகாட்டியாக இருந்து வருகிறது. மல்யுத்தத்தை விளையாட்டாகக் கொள்ளாமல் காட்சியாகக் கொள்ள வேண்டுமென்றும், குத்துச்சண்டை காலப்போக்கில் வளர்ந்து செல்லும் கதை போன்றது, மல்யுத்தத்திலோ ஒவ்வொரு கணமும் தன்னளவில் முழுமையாக விளங்குவது என்றும் அவர் வாதித்தார். ஒரே ஓர் இரவு மண்டபத்தில் அமர்ந்து பார்ப்பவருக்கு இது உண்மையாகத் தோன்றும். ஆனால் வாரந்தோறும் வந்த மெம்ஃபிஸ் ரசிகர் கண்டது வேறு. முதல் வாரம் மூன்றாமவன் ஒருவன் குறுக்கிட்டதால் வீரன் தோற்கிறான். அடுத்த வாரம் குறுக்கீட்டுக்கு இடமின்றி விதிகள் தளர்த்தப்படுகின்றன. அதற்கடுத்த வாரம் கோதாவைச் சுற்றி இரும்புக் கூண்டு எழுகிறது. கடைசியில், தோற்றவர் இவ்வூரைவிட்டே போக வேண்டும் என்ற நிபந்தனையோடு முடிவான போட்டி நடக்கிறது. ஒரு கணத்தின் பொருள் அதற்கு முந்தைய பல வாரங்களைப் பொறுத்தே அமைந்தது. காலம் அக்காட்சிக்கு வெளியே இருந்ததென்று சொல்ல இடமில்லை.

இங்கேதான் எல்லையின் மகிமை புலப்படுகிறது. தோற்றவர் மெய்யாகவே ஊரைவிட்டுப் போனார்; ஏனெனில் போவதற்கு வேறு பிராந்தியம் இருந்தது. மெம்ஃபிஸிலிருந்து விரட்டப்பட்டவர் ஃபுளோரிடாவிலோ, டெக்ஸஸிலோ, ஒரிகானிலோ புதுப் பெயருடனும் சில சமயம் முகமூடியுடனும் இறங்கி, அங்கே நல்லவராகவோ கெட்டவராகவோ புதிதாகப் பிறந்தார். அவர் முற்பிறவியை அறிந்தவர் அம்மண்டபத்தில் எவருமில்லை. ஓராண்டோ ஈராண்டோ கழித்து அவர் பழைய ஊருக்குத் திரும்பும்போது, மறவாத பகையும் பழகிய அன்பும் அவருக்காகக் காத்திருந்தன. வருகை, பகை, வீழ்ச்சி, வெளியேற்றம், மீட்சி என்ற இக்கதைச் சுற்று எந்த எழுத்தாளனின் கற்பனையிலும் முதலில் தோன்றியதன்று. எல்லை வகுத்த வியாபாரிகளின் உடன்படிக்கையிலிருந்து தானே விளைந்தது. போட்டியை ஒழிக்கச் செய்த ஏற்பாடு, அவர்கள் உத்தேசிக்காமலே, கதைக்கு வாசல்களை அமைத்துக் கொடுத்தது.

ஊரின் நியாயம்

பிராந்தியக் காட்சி ஊரோடு பிணைந்திருந்தமையால் ஊரின் வழக்குகளும் அதில் ஏறின. 1950-களின் இறுதியில் மெம்ஃபிஸில் துஷ்டனாக நடித்த ஸ்புட்னிக் மன்ரோ என்ற வெள்ளையர், கறுப்பு மக்கள் வாழ்ந்த வீதிகளில் அவர்களோடு சரிசமமாகப் பழகி, எல்லிஸ் ஆடிட்டோரியத்தின் மேல்மாடத்தில் ஒதுக்கி உட்கார்த்தப்பட்ட அவர்களின் பேரபிமானத்தைப் பெற்றார். அவர்கள் எங்கும் அமரலாம் என்று அனுமதிக்காவிட்டால் தாம் கோதாவில் இறங்கப்போவதில்லை என அவர் பிடிவாதம் செய்ய, வசூலைக் கருதிய புரமோட்டர் பணிந்தார். சட்டத்தின் வழியே பின்னர் வந்த சமத்துவம் அம்மண்டபத்துக்கு வியாபாரத்தின் வழியே முன்னரே வந்தது. 1980-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து சூப்பர்டோமில், கண்ணிழந்ததாகச் சித்திரிக்கப்பட்ட ‘ஜங்க்யார்ட் டாக்’ என்ற கறுப்பு வீரர், தம் கண்ணைக் கெடுத்த மைக்கேல் ஹேஸோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டுப் போரிட்டதும் இவ்வகையதே. தென்மாநிலம் ஒன்றில் கறுப்பர் ஒருவரைத் தலைமைப் பாத்திரமாக்கிய பில் வாட்ஸ் என்ற புரமோட்டர் தம் ஊரின் ஜனங்களை அறிந்தவர்.

1982 ஏப்ரல் 5-ஆம் தேதி கொலிசியத்தில் நடந்த சம்பவத்தையும் இந்நோக்கில் காண வேண்டும். ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் ஆண்டி காஃப்மன், சோப்பு என்பது இன்னதென்று தென்னாட்டாருக்கு விளக்குவதுபோல் நடித்து, ஊரையே இழிவுபடுத்திவிட்டு லாலரை எதிர்த்து இறங்கினார். லாலர் தடைசெய்யப்பட்ட பைல்டிரைவரைப் பிரயோகித்தார். விதிப்படி வெற்றி காஃப்மனுக்கே. ஊராரோ சட்டப்படி தோற்ற தம் வீரனுக்கே ஆர்ப்பரித்தார்கள். காஃப்மன் 1984-இல் காலமான பின்னும் பல ஆண்டுகள் வரை, இருவரும் பேசிவைத்துச் செய்த காரியம் அது என்பது வெளியிடப்படவில்லை.

வீழ்ச்சியின் காரணம்

ரகசியம் அம்பலமானதே வீழ்ச்சிக்குக் காரணம் என்ற வாதம் காலக்கணக்குக்கு ஒத்துவரவில்லை. ஜாக் ஃபெஃபர் என்ற புரமோட்டர் கூட்டாளிகளோடு மனம் கசந்து, மல்யுத்தத்தின் உள்விவரங்களை நியூயார்க் பத்திரிகையொன்றுக்குச் சொன்னது 1930-களில். பிராந்தியக் காட்சிகள் செழித்ததோ அதற்குப் பிறகு. மல்லர்கள் ரகசியத்தை உயிரினும் மேலாகக் காத்தார்கள் என்பதும், நல்லவரும் கெட்டவரும் ஒரே காரில் போகலாகாதென்று கட்டுப்பாடு இருந்ததும் மெய்யே. ஆயினும் கூத்துப் பார்க்க வருகிறவர் துரியோதனன் வீழ்வான் என்பதை அறிந்தே விடிய விடிய அமர்ந்திருப்பதுபோல, மண்டபத்துக்கு வந்தவர்களும் பலவற்றை அறிந்தே வந்தார்கள். மல்யுத்தம் மெய்யான போட்டியன்று என்று நியூஜெர்ஸி மாநிலச் சட்டசபைக்கு முன் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்டது 1989-இல். அதற்குள் பிராந்தியங்களில் பெரும்பாலானவை மடிந்துவிட்டிருந்தன.

டெலிவிஷன் வாதமும் பாதியளவே சரி. 1940-களின் இறுதியிலிருந்தே மல்யுத்தம் டெலிவிஷனில் இடம்பெற்று வந்தது. ஊர் எல்லைக்குள் தெரியும் டெலிவிஷன் மண்டபத்துக்கு ஆள் சேர்த்தது. எல்லை தாண்டித் தெரியும் டெலிவிஷன் மண்டபத்தைத் தேவையற்றதாக்கிற்று. 1976-இன் இறுதியில் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நிலையமொன்று செயற்கைக்கோள் வழியே நாடெங்கும் தெரியத் தொடங்கியபோதே ஜார்ஜியா மல்லர்கள் பிறர் எல்லைக்குள் புகுந்துவிட்டார்கள். 1982-இல் தந்தையின் நியூயார்க் வியாபாரத்தை விலைக்கு வாங்கிய இளைய வின்ஸ் மெக்மஹன், பிற பிராந்தியங்களின் நிலையங்களில் நேரத்தை வாங்கித் தம் நிகழ்ச்சியை ஒளிபரப்பி, அங்கே புகழ்பெற்ற மல்லர்களையும் தம்மிடம் இழுத்துக்கொண்டார். 1984 ஜூலையில் அந்த அட்லாண்டா நிலையத்தின் மல்யுத்த நிகழ்ச்சியே அவர் வசமாயிற்று. 1985 மார்ச் 31-ஆம் தேதி அவருடைய ‘ரெஸ்ல்மேனியா’ என்ற பெருங்காட்சி முதன்முறையாக நடந்தது. ஒவ்வொரு வீட்டிலும் எல்லா மல்லர்களும் தெரிந்த பிறகு, தோற்றவர் போவதற்கு ஊரேது? புதியவர் என்று சொல்லி ஒருவர் வருவதற்கு மர்மமேது? ஒரிகானில் போர்ட்லண்ட் காட்சிகள் 1992-இலும், மெம்ஃபிஸ் பரம்பரையில் எஞ்சிய நிறுவனம் 1997-இலும் ஓய்ந்தன.

வாரிசுப் பாசமும் இவ்வழிவை விரைவுபடுத்திற்று. தம் புதல்வர்களை அவர்கள் தகுதிக்கு மேல் உயர்த்திய புரமோட்டர்கள் பலர். குலாஸின் பிராந்தியம் பிளந்ததற்கே அவர் மகன்மீது வைத்த அபிமானம் ஒரு காரணமென்று அத்தொழிலில் இருந்தோர் கூறுவர். எல்லை உறுதியாக இருந்த நாளில் இத்தகைய பிழைகளை ஜனங்கள் பொறுத்தார்கள். வேறு காட்சி அவர்களுக்கு இல்லை. எல்லை போனதும் பொறுமையும் போயிற்று.

முடிவுரை

எல்லையை நீக்கினால் மல்லருக்கு விடுதலை கிடைக்குமென்று எதிர்பார்த்திருந்தால், நிகழ்ந்தது அதற்கு நேர்மாறு: பற்பல சிற்றரசர்களுக்குப் பதில் ஒரே சக்கரவர்த்தி வந்தார், பிணங்கிய மல்லர் ஓடிப்போய்ப் பிழைத்துக்கொள்ள அடுத்த பிராந்தியமும் இல்லாமற்போயிற்று. ஆகவே பழைய முறையைப் பொற்காலமென்று போற்றுவதும், வெறும் கொள்ளையென்று ஒதுக்குவதும் ஒருதலைப்பட்சமான தீர்ப்புகளே. அதன் அநீதியும் அழகும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை.

இதிலிருந்து ஆராய்ச்சி முறைக்கும் ஒரு விதி கிடைக்கிறது. இன்று நமக்குக் கிட்டும் ஒளிப்பதிவுகளில் பெரும்பாலானவை ஸ்டூடியோ நிகழ்ச்சிகள். திங்கட்கிழமை இரவுகளில் கொலிசியத்தில் நடந்தவற்றில் சிறு பகுதியே பதிவாயிற்று. ஸ்டூடியோ நிகழ்ச்சி டிக்கட் விற்பதற்காகச் செய்யப்பட்ட விளம்பரம். விலைகொடுத்து வாங்கப்பட்ட பண்டம் மண்டபத்தில் இருந்தது. விளம்பரத்தை மட்டும் பார்த்துப் பண்டத்தின் தரத்தைத் தீர்மானிக்கும் தவற்றை இத்துறை ஆராய்ச்சியாளர் பலர் செய்து வருகிறார்கள். உள்ளூர்ப் பத்திரிகைகளில் செவ்வாய்க்கிழமைகளில் வெளியான முடிவுப் பட்டியல்களையும், சுவரொட்டிகளையும், மண்டபத்தில் விற்ற நிகழ்ச்சித் தாள்களையும் வாரவரிசையில் அடுக்கி, ஓர் ஊரின் பல்லாண்டுக் கதையை முழுதாக மீட்டெடுத்துப் படித்தாலன்றி, அக்கலையைப் பற்றித் தீர்ப்புக் கூறும் அதிகாரம் நமக்கு உண்டாகாது.