வீண் நடை: பேஜ் ஃபால்ட்டைக் குறைத்த வரலாறு

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் முகப்புக்கடைக்கும் சரக்கு கிடக்கும் கிட்டங்கிக்கும் உள்ள உறவே, கணினியில் சிறிய விரைவு நினைவகத்துக்கும் பெரிய மெதுவான சேமிப்புக்கும் உள்ள உறவு; கேட்ட சரக்கு முகப்பில் இல்லையெனில் கிட்டங்கிவரை நடக்க வேண்டும். நிரல் கேட்கும் தரவுத்துண்டு, அதாவது 'பக்கம்', செயலிக்கு உடனே கிட்டாதபோது நிரலை நிறுத்திவிட்டு இயங்குதளம் அதைத் தேடித் தரும் நிகழ்வு பேஜ் ஃபால்ட் எனப்படும்.

தரவைப் பக்கங்களாய்ப் பிரித்து, வேண்டியபோது கொண்டுவரும் முறை 1962 டிசம்பரில் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் தோன்றியது. டாம் கில்பர்ன் குழுவினர் அதன் முதன்மை நினைவகத்தை, பக்கத்துக்கு 512 சொற்களாக 32 பக்கங்களாய்ப் பிரித்தனர். அதில் இடம்பெறாத பக்கங்கள் சுழலும் காந்த உருளையில் இருந்தன. உருளை சுழன்று வரும்வரை காத்திருப்பதே பெருஞ்செலவாக இருந்ததால், ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு காலம் தொடப்படாமல் கிடந்தது என்பதைக் குறித்துவைத்து, வெளியேற்றத்தக்கதை ஊகிக்கும் ஒரு நிரலையும் அவர்கள் எழுதினர்.

அதன்பின் பல ஆண்டுகள் ஆய்வாளர்களின் கவனம், எதை வெளியேற்றுவது என்ற ஒற்றைக் கேள்வியிலேயே, சற்று அளவுக்கு மீறியே, நிலைத்திருந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் லாஸ்லோ பெலாடி, மற்றெல்லாவற்றையும்விடப் பிந்தித் தேவைப்படும் பக்கத்தை வெளியேற்றுவதே உத்தமம் என்று 1966-இல் காட்டினார்; ஆனால் அதற்கு எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டும். முதலில் வந்ததை முதலில் வெளியேற்றும் எளிய முறையில் நினைவகத்தைக் கூட்டினாலும் ஃபால்ட்டுகள் பெருகக்கூடும் என்பதை அவரும் சகாக்களும் 1969-இல் வெளிப்படுத்தினர்: 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் பக்கங்கள் கேட்கப்பட்டால், மூன்று இடங்கள் இருக்கையில் 9 ஃபால்ட்டுகளும் நான்கு இருக்கையில் 10-உம் நேர்கின்றன. பீட்டர் டென்னிங் 1968-இலேயே வேறு திசையில் திரும்பியிருந்தார். ஒரு நிரல் அண்மையில் புழங்கிய பக்கங்கள் அனைத்துக்கும் இடமில்லையெனில் அந்நிரலையே சற்று நிறுத்திவைப்பது மேல் என்பது அவர் வாதம்.

மெதுவான சேமிப்புக்கே போகாத ஃபால்ட்டுகளும் உண்டு. எந்தப் பக்கம் தொடப்பட்டது என்று குறிக்கும் வசதி வேக்ஸ் கணினியின் வன்பொருளில் இல்லாததால், 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் 3பிஎஸ்டி பதிப்பில் ஓசால்ப் பாபாவுலுவும் பில் ஜாயும் நினைவகத்திலேயே உள்ள பக்கங்களை வேண்டுமென்றே செல்லாதவையாகக் குறித்து, அவை தொடப்படும்போது எழும் ஃபால்ட்டைக் கொண்டு பயன்பாட்டை அறிந்தனர். தகவலுக்காக ஃபால்ட்டை விலை கொடுத்து வாங்கிய துணிச்சலான ஏற்பாடு அது.

நினைவகம் மலிந்தபின் இந்த இரண்டாம் வகையே கவனத்துக்கு வந்தது. கோப்பின் பக்கங்கள் ஏற்கெனவே நினைவகத்தில் இருந்தும், எந்தப் பக்கம் எங்கே உள்ளது என்று காட்டும் நிரலின் பக்க அட்டவணையில் பதிவு இல்லாத ஒரே காரணத்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபால்ட் எழுவது வீண். 2014-இல் வந்த லினக்ஸ் இயங்குதளத்தின் 3.15 பதிப்பு, ஒரு பக்கத்துக்கான ஃபால்ட்டின்போதே அதைச் சூழ்ந்த 16 பக்கங்கள்வரை, நினைவகத்தில் உள்ளவற்றை மட்டும், சேர்த்துப் பதிந்தது. ஆனால் அப்படிப் பதியப்பட்டவை தொடப்படாமலேயே தொடப்பட்டவையாகத் தோன்றியதால், வெளியேற்றும் கணக்கு குழம்பியது. அவற்றைத் தொடப்படாத பழையவையாகக் குறிக்கும் திருத்தம் 2016-இல் சேர்க்கப்பட்டு, இன்டெல் வகைச் செயலிகளில் வேகம் குறைந்ததால் திரும்பப் பெறப்பட்டது. 2021-இல், தொடுகையை வன்பொருளே மலிவாகக் குறித்துக்கொள்ளும் ஆர்ம் செயலிகளுக்கு மட்டும் அது மீண்டும் வந்தது.