மீன் குழம்பில் டீசல்

டீசல் விலை ஏறினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பேப்பரை மடித்து வைத்துவிட்டு ரெண்டு வார்த்தை திட்டுவீர்கள். மாசக் கடைசியில் காய்கறி, பால், ஆட்டோ என்று கசிந்த காசைக் கூட்டிப் பார்த்து இன்னும் ரெண்டு வார்த்தை. ஆனாலும் சம்பளம் அப்படியேதான் இருக்கும். ஏறியது செலவு மட்டும். தூத்துக்குடிக் கடற்கரையில் அந்த அதிர்ஷ்டமும் கிடையாது. அங்கே டீசல், நேராக வருமானத்திலேயே கை வைக்கும்.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் அந்தக் கடலில் எரிபொருள் இலவசம்! முத்துக்குளிக்கப் போன படகுகள் நடுநிசியில் கரைக்காற்றில் பாய் விரித்துக் கிளம்பும். விடியும்போது முத்துப்பாரில் இருக்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்ததும், அதுவே படகைத் தள்ளிக்கொண்டு வந்து கரை சேர்த்துவிடும். போகவர ஒரு பைசா செலவில்லை. அதற்காகக் குளிகாரர்கள் கொழித்தார்கள் என்று நினைக்காதீர்கள். ஆங்கிலேயர் காலத்தில் அள்ளிய சிப்பியில் பெரும்பாலும் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. மிச்சம்தான் மூச்சடக்கியவனுக்கு.

எரிபொருளுக்குக் காசு என்ற சமாசாரத்தை நீராவிக் கப்பல் கொண்டுவந்தது. 1906-ல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியை ஆரம்பித்து தூத்துக்குடி - கொழும்பு கப்பல் விட்டார். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காரன் கட்டணத்தை வெட்டோ வெட்டென்று வெட்டினான். கடைசியில் இலவசப் பயணம், கூடவே ஒரு குடை என்றுகூட இறங்கினானாம். தேசபக்தி சரி, கணக்குப் பிள்ளையின் கண்ணால் பாருங்கள்... ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் கொதிகலனில் நிலக்கரி எரிந்துதானே ஆக வேண்டும்? ஆழமான பாக்கெட் உள்ளவனால் அதைத் தாங்க முடியும்.

மீனவர் வீட்டுக்குள் இந்தக் கணக்கு நுழைந்தது இன்னும் தாமதமாக. 1950களில் தொடங்கி, மெட்ராஸ் சர்க்கார் எஞ்சின் படகுகளைக் கடனுக்குக் கொடுத்துப் பழக்கியது. டீசல் மலிவு, இறால் டாலர் கொண்டுவந்தது, யாரும் யோசிக்கவில்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. சில மாதங்களில் ஒரு பீப்பாய் சுமார் 3 டாலரிலிருந்து 12 டாலரை நெருங்கியது. டில்லியில் வாஜ்பாய் பாராளுமன்றத்துக்கு மாட்டுவண்டியில் போய்க் காட்டினார். 1974-75-ல் இந்தியாவில் மொத்த விலைவாசி சுமார் 25 சதவிகிதம் எகிறியது. தூத்துக்குடித் தோணிக்காரர்கள் மட்டும் 1980கள் வரைகூட பாய் விரித்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர்களும் எஞ்சின் மாட்டினார்கள்.

சரி, வருமானத்தில் எப்படிக் கை வைக்கிறது? விசைப்படகில் கூலி கிடையாது, பங்குதான். மீன் விற்ற காசில் முதலில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். மிஞ்சுவதுதான் ஓனருக்கும் தொழிலாளிகளுக்கும். விகிதம் ஊருக்கு ஊர் மாறும். பேச்சுக்குப் பாதிப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் 30,000 ரூபாய்க்குப் போகிறது. டீசல் 15,000, மற்ற செலவு 3,000. மிச்சம் 12,000. தொழிலாளிகள் ஆறு பேருக்கு 6,000. தலைக்கு ஆயிரம். இப்போது டீசல் 20 சதவிகிதம் ஏறுகிறது. மிச்சம் 9,000 ஆகும். தலைக்கு 750! டீசல் ஏறியது இருபது, வீட்டுக்குப் போகும் காசில் விழுந்தது இருபத்தைந்து. அந்த 750-ஐ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், லாரி வாடகை ஏறிப்போச்சு என்று அங்கே அரிசியும் பருப்பும் விலை ஏறி நிற்கும். ஒரே டீசலுக்கு ரெண்டு அடி.

'அப்ப மீன் விலைய ஏத்த வேண்டியதுதானே?' என்பீர்கள். யார் ஏற்றுவது? விசைப்படகு காலை ஐந்து மணிக்குப் போய் இரவு ஒன்பதுக்குள் திரும்பியாக வேண்டும். இறக்கியதும் ஏலம். மீன் காத்திருக்காது. ஐஸில் போட்டு வைக்கலாம் என்றால் அதற்கும் காசு. போதாக்குறைக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால், அவன் சொன்னதுதான் விலை.

மாநில அரசு குறிப்பிட்ட அளவு டீசலை விற்பனை வரி இல்லாமல் கொடுக்கிறது. உதவிதான். ஆனால் 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு போனது. 2017 ஜூனில், தினமும் காலை ஆறு மணிக்குப் புது விலை என்ற முறை வந்தது. அதற்குள் தூத்துக்குடிப் படகுகள் கடலுக்குக் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.