காதிற்கேற்ற பொன்

காது குத்தும் மங்கல விழா, தமிழர் எங்குக் குடியேறினும் உடன் செல்வது. முனிர்கா வாழ் தமிழராகிய நாமும், அருகே இராமகிருஷ்ணபுரத்தில் 1973-ல் குடமுழுக்குக் கண்ட மலை மந்திர் முருகனை வணங்கி இதனை நடத்தி வருகிறோம்.

முன்னோர் காதிற்குப் பொன்னைத் தேர்ந்தது செல்வச் சிறப்பிற்காக மட்டுமன்று. பொன் துருப்பிடிப்பதில்லை, குத்திய புண்ணை எளிதில் உறுத்துவதுமில்லை. ஆனால் தூய பொன் மென்மையானது. ஆதலின் செம்பும் வெள்ளியும் கலந்தே அணி செய்வர். 22 காரட்டில் நூற்றுக்கு 91.6 பங்கு பொன்; எஞ்சிய பங்கில் கலப்பது எது என்பதே காதின் நலத்தைத் தீர்மானிக்கும்.

1963 சனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராயிருந்தபோது வந்த பொன் கட்டுப்பாட்டு விதிகள், 14 காரட்டுக்கு மேற்பட்ட புதுநகை செய்வதைத் தடுத்தன. ஏறத்தாழ 42 பங்கு பிற உலோகம் கலக்கலாயிற்று. பொற்கொல்லர் பலர் பிழைப்பிழந்தனர். 1966-ல் அத்தடை நீங்கிற்று. அது அந்நியச் செலாவணியைக் காக்க வந்த விதியேயன்றிக் காதைக் காக்க வந்ததன்று.

காதிற்குப் பகை நிக்கல். கவரிங் நகைகள் பலவற்றிலும் வெள்ளைத் தங்கம் சிலவற்றிலும் உள்ள இது, சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் தரும். ஒருமுறை பற்றிய ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீங்குவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 1994-லேயே இதற்கு வரம்பு விதித்தது.

நம் நாட்டில் 2000-ல் தொடங்கிய ஹால்மார்க் முத்திரை, 2021 சூன் முதல் பல மாவட்டங்களில் கட்டாயமாயிற்று. எனினும் 2 கிராமுக்குக் குறைந்த அணிகளுக்கு அவ்வாணை விலக்களித்தது. குழந்தையின் முதற்கம்மலோ பெரும்பாலும் அவ்வெடைக்குள் அடங்குவதே! மிகச் சிறிய காதிற்கே காவல் குறைவு. ஆகவே காரட்டையும் கலப்பையும் கேட்டறிந்து, பற்றுச்சீட்டில் எழுதி வாங்குவோமாக.