நாட்குறிப்புக்கு எந்த மென்பொருள்? பூட்டும் திறப்பும் யார் கையில்?

போர்க்காலத்தில் டயறி எழுதியவர்கள் எம்மிடையே நிறையப் பேர். இன்று கையில் மிஞ்சியவை சொற்பம். சுற்றிவளைப்புக்குப் பயந்து அடுப்பில் போட்டவை, இடப்பெயர்வில் விட்டுவந்தவை, பதுங்குகுழி ஈரத்தில் உக்கியவை என்று போய்விட்டன. கொழும்பும் விதிவிலக்கல்ல. 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் இருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரை விட்டு அனுப்பப்பட்டபோது, எதை எடுப்பது எதை விடுவது என்று யோசிக்க யாருக்கு நேரம் இருந்தது? நான் இருக்கும் ஒருகொடவத்தைக்கு அடுத்தாற்போல், வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம், 2016 மே வெள்ளத்தில் அலுமாரியோடு கடதாசிகளும் போயின.

அதனால்தான் “இனி கம்பியூட்டரில், ஃபோனில் எழுதலாமா?” என்று பலர் கேட்கிறார்கள். எழுதலாம். ஆனால் எதில் எழுதுகிறோம் என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும்.

அப் ஸ்டோரில் டயறி என்று தேடினால் பூப்போட்ட அட்டையோடு எத்தனையோ இலவசச் செயலிகள் வரும். இலவசம் வேறு, கட்டற்றது வேறு. கட்டற்ற, திறந்த மூல மென்பொருளின் மூலநிரலை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம். உள்ளுக்குள் என்ன நடக்கிறது என்று நமக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும், தெரிந்தவர்கள் வாசிக்கிறார்கள். இன்னொரு நன்மை, செய்தவர்கள் கைவிட்டாலும் மற்றவர்கள் தொடரலாம். கோப்புகளைப் பூட்டிவைக்கப் பலர் நம்பியிருந்த ட்ரூகிரிப்டை 2014 மே மாதத்தில் அதன் ஆக்குநர்கள் திடீரென நிறுத்தினார்கள். அதன் மூலநிரல் வெளியில் இருந்ததால், அதிலிருந்து கிளைத்த வெராகிரிப்ட் இன்றும் ஓடுகிறது.

தெரிவு செய்யும்போது இரண்டு கேள்விகள் போதும். நான் விரும்பாத ஒருவரால் இதைத் திறக்க முடியுமா? இருபது வருடம் கழித்து என்னால், என் பிள்ளையால் இதைத் திறக்க முடியுமா? முதலாவதை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்பவர் குறைவு.

கணினி வைத்திருப்பவர்களுக்கு என் முதல் தெரிவு ரெட்நோட்புக். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். இடப்பக்கம் நாட்காட்டி, நடுவில் எழுதும் இடம், அவ்வளவுதான். எழுதியதை மாதத்துக்கு ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாகச் சேமிக்கிறது. நாளைக்கு ரெட்நோட்புக்கே இல்லாமல் போனாலும் நோட்பேட்டில் திறந்து வாசிக்கலாம். இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஆனால் அதற்கென்று பூட்டு இல்லை. கணினியில் கைவைக்கும் எவரும் வாசிக்கலாம். ஆகவே வெராகிரிப்டில் ஒரு பெட்டகக் கோப்பு உருவாக்கி, டயறி அடைவை அதற்குள் வையுங்கள். கடவுச்சொல் கொடுத்தால் பென்ட்ரைவ் போலத் திறக்கும், எழுதி முடித்து மூடினால் வெறும் குப்பைத் தரவாகத்தான் தெரியும். முதல்தடவை அமைக்க அரைநாள் மெனக்கெட வேண்டும். தெரிந்த பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள்.

ஃபோன் மட்டும் இருப்பவர்களுக்கு ஸ்டாண்டர்ட் நோட்ஸ் பொருந்தும். 2024இல் ப்ரோட்டான் நிறுவனத்தோடு இணைந்த செயலி இது. எழுதுவது உங்கள் கருவியிலேயே குறியாக்கப்பட்டுத்தான் வெளியே போகிறது. நிறுவனத்தாலும் வாசிக்க முடியாது. கடவுச்சொல்லை மறந்தால் அவர்களாலும் மீட்டுத்தர முடியாது என்பது இதன் மறுபக்கம். படங்களும் சேர்த்து எழுத ஜொப்ளின் வசதியானது. ஆனால் அதன் குறியாக்கம், கருவிகளுக்கிடையே ஒத்திசைக்கும்போதுதான். அதையும் நீங்களே இயக்கிவிட வேண்டும். ஃபோனைத் திறந்த நிலையில் ஒருவர் எடுத்தால், ஜொப்ளின் டயறியும் திறந்திருக்கக்கூடும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு சங்கதி. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களிலும் பாமினியில் தட்டச்சு செய்த கோப்புகளை இன்று ஃபோனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். எழுத்து அழியவில்லை, எழுத்துரு இல்லை. இனி எழுதுவது யுனிகோட்டில் இருக்கட்டும். பழையவற்றை மாற்ற இணையத்தில் மாற்றிகள் உண்டு. முன்பின் தெரியாத தளத்தில் முழு டயறியையும் கொண்டுபோய் ஒட்டாதீர்கள். பக்கத்தைத் திறந்தபின் இணையத்தைத் துண்டித்துவிட்டு மாற்றிப் பாருங்கள், சில மாற்றிகள் அப்படியும் வேலை செய்யும். விசைப்பலகைச் செயலியும் நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பார்க்கிறது. அண்ட்ரொய்ட் ஃபோனுக்கு இண்டிக் கீபோர்ட் என்ற திறந்த மூல விசைப்பலகை உண்டு, தமிழும் உண்டு.

பூட்டால் எல்லாம் முடிந்துவிடாது. கவிஞர் அஹ்னாப் ஜஸீம், ‘நவரசம்’ என்ற தன் கவிதைத் தொகுப்பை முன்வைத்து, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் 2020 மே மாதத்தில் கைதானார். பிணை கிடைத்தது 2021 டிசெம்பரில், விடுதலை 2023 டிசெம்பரில். அது அச்சிட்டு வெளியான நூல். எழுத்தை இப்படி வாசிக்கும் நாட்டில், கடவுச்சொல்லைச் சொல் என்று முன்னால் ஒருவர் நின்று கேட்டால் எந்த மென்பொருளும் உதவாது. ஆகவே மற்றவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கத்தை டயறியில் எழுதாதிருப்பது நல்லது. உங்கள் கதையை எழுத உங்களுக்கு உரிமை உண்டு. அயலவரின் பாதுகாப்பை உங்கள் ஃபோனோடு கட்டிவிட வேண்டாம். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் டயறி எழுதிய பென் பவிங் அதை டச்சு மொழியில் எழுதினார். எந்தச் சோதனைச்சாவடியில் அதை வாசிக்க ஆள் இருந்திருக்கும்? எமக்கு அந்த வசதி இல்லை.

கடைசியாக, திறப்பு. நன்றாகப் பூட்டிய டயறி, எழுதியவர் இறந்த அன்றே அழிந்த டயறிதான். காணாமல் ஆக்கப்பட்டவரின் கையெழுத்து உள்ள ஒரு துண்டைப் பதினைந்து, இருபது வருடம் பொத்திவைத்திருக்கும் குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கடவுச்சொல்லைக் கடதாசியில் எழுதி, உறையில் ஒட்டி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். டயறியின் பிரதி இன்னொருவரிடம் இருக்கட்டும். ஒன்று வெளிநாட்டில் இருந்தால் நல்லது. ஜொப்ளினிலோ ஸ்டாண்டர்ட் நோட்ஸிலோ எழுதுபவர்கள் வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சாதாரண எழுத்துக் கோப்புகளாக ஏற்றுமதி செய்து, குறியாக்கிய பென்ட்ரைவில் வையுங்கள். வைத்ததோடு விடாமல், வேறொரு கணினியில் செருகித் திறக்கிறதா என்று பாருங்கள்.