அடுக்கு மேம்பாலச் சாலைகள் (சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்)

'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' கணினி விளையாட்டில் போக்குவரத்தைப் பல உயரங்களில் பிரித்துவிடும் கட்டுமான முறை இது. பின்லாந்தின் கொலோசல் ஆர்டர் நிறுவனம் உருவாக்கிய இந்த நகர விளையாட்டைப் பாரடாக்ஸ் இன்டராக்டிவ் 2015 மார்ச்சில் வெளியிட்டது.

சாலை போடும்போது பேஜ் அப் விசை அதை உயர்த்தும். பேஜ் டவுன் தாழ்த்தும். ஒரு படி 12, 6 அல்லது 3 மீட்டர். சரிவு செங்குத்தானால் விளையாட்டு ஏற்காது. எனவே ஏறுபாதைக்கு நீளம் வேண்டும். தரைச்சாலையைவிடச் செலவு கூடுதல். பாலத்தின் ஓரத்தில் வீடு, கடைகளுக்கு மனை ஒதுக்கவும் முடியாது.

முறையின் உயிர்நாடி வாகனங்களின் நடத்தை. ஒவ்வொரு வண்டிக்கும் சேருமிடம் உண்டு. திரும்ப வேண்டிய தடத்தை அது வெகு முன்பே பிடித்துக்கொள்கிறது. அதனால் அகலமான சாலையிலும் ஒரே தடத்தில் வண்டிகள் எறும்புச் சாரைபோல் நீள்வதுண்டு. தளங்களைக் கூட்டுவது மட்டும் இதற்கு மருந்தாகாது. பிரியும் இடங்களுக்கிடையே போதிய தூரம் விடுவதே முக்கியம். நான்கடுக்குச் சந்திப்பில் நேர்ப்பாதைகள் இரண்டும் எதிர்ச்சாலையைக் கடந்து திரும்பும் பாதைகளும் வெவ்வேறு தளங்களில் செல்வதால், எந்த ஓட்டமும் இன்னொன்றை வெட்டாது. லாஸ் ஏஞ்சலஸில் 1953இல் முழுமையாகத் திறக்கப்பட்ட நான்கடுக்குச் சந்திப்பே இவ்வடிவின் முன்னோடி.  ஆனால் விளையாட்டில் சிறிய ஊருக்கு வட்டச்சந்திப்பு போதும்.

2015 மே மாதத் திருத்தத்தில் சுரங்கச்சாலைகள் இலவசமாகச் சேர்ந்தபின், அடுக்குகளை நிலத்துக்கடியிலும் அமைக்க முடிகிறது.